பெய்ஜிங்கில் ஒரு பழமொழி, குவாங்சோவில் வேறு பழமொழி! - 2,298 கி.மீ ரயில் பாதையில் சீனாவின் வானிலை

காலையில் தோல் கோட்டு, மத்தியானம் மெல்லிய துணி, ராத்திரி கணப்பைச் சுற்றி உட்கார்ந்து தர்பூசணி!

சீனாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஷின்ஜியாங் பகுதியைப் பற்றிய பழமொழி இது. கேட்டால் யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால், அங்கே கடல் வெகுதூரம். காற்றில் ஈரமே கிடையாது. அதனால் வெயில் வந்தால் தரை சட்டென்று கொதிக்கும், வெயில் போனால் சட்டென்று குளிரும். அந்தப் பகுதியில் உள்ள துர்பான் பள்ளத்தாக்கின் அடிமட்டம் கடல் மட்டத்தைவிட 154 மீட்டர் கீழே இருக்கிறது. 2023 ஜூலை 16 அன்று அங்கே பதிவான வெப்பநிலை 52.2 டிகிரி செல்சியஸ். ஷின்ஜியாங் போகிறவர் பெட்டியில் என்னவெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்பதை எந்த டிராவல் ஆப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

இதே பழமொழியை நம்பித் தென்கோடியில் உள்ள குவாங்சோவுக்குத் தோல் கோட்டோடு போனால் வெந்துபோவீர்கள். காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிற 'சீனப் பழமொழி'கள் எந்த ஊருக்கும் பொருந்தும். சீன விவசாயிகளின் வானிலைப் பழமொழிகள் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ஊர் மாறினால் பழமொழியும் மாறும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து குவாங்சோவுக்கு 2012 டிசம்பர் 26 முதல் அதிவேக ரயில் முழுப் பாதையிலும் ஓடுகிறது. தூரம் 2,298 கிலோமீட்டர், பயண நேரம் சுமார் 8 மணி. காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே நாலைந்து வகைப் பழமொழிகள் மாறிவிடும். வாங்க, ஏறலாம்.

பெய்ஜிங்கின் குளிரை மக்கள் ஒன்பது ஒன்பதாக எண்ணுவார்கள். டிசம்பர் 21 அல்லது 22, அதாவது ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில் கணக்கு தொடங்கும். ஒன்பது நாள் ஒரு கட்டு. மொத்தம் ஒன்பது கட்டு, 81 நாள். முதல் இரண்டு கட்டுகளில் கையைச் சட்டைக்கு வெளியே நீட்ட முடியாது. மூன்றாவது, நான்காவது கட்டுகளில் உறைந்த ஆற்றின் மேல் நடக்கலாம். ஐந்திலும் ஆறிலும் கரையில் வில்லோ மரங்களைப் பார்க்கப் போகலாம். ஏழில் ஆற்றுப் பனி உடையும், எட்டில் காட்டு வாத்துகள் திரும்பி வரும். ஒன்பதும் முடிந்து இன்னொரு ஒன்பது வந்தால், வயலில் ஏர் மாடுகள் இறங்கியிருக்கும். குழந்தைகள் பாட்டாகப் பாடும் இந்தக் கணக்கை 'ஒன்பது ஒன்பதுகள்' என்கிறார்கள்.

இதோடு ஒரு விளையாட்டும் உண்டு. 81 இதழ்கள் உள்ள பூங்கிளையின் கோட்டோவியத்தைச் சுவரில் மாட்டி, தினமும் ஒரு இதழுக்கு வண்ணம் தீட்டுவார்கள். கடைசி இதழ் சிவந்தால் குளிர் முடிந்தது என்று அர்த்தம். சிங் வம்ச அரண்மனையில் படத்துக்குப் பதில் எழுத்து. ஒவ்வொன்றிலும் ஒன்பது கோடுகள் உள்ள ஒன்பது எழுத்துகளை, நாளுக்கு ஒரு கோடாக எழுதி முடித்தார்கள். பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் பெருக்கல் குறி போட்ட யாருக்கும் இது புரியும்.

சின்னதாக ஒரு அறிவியல் கேள்வி. வெயில் மிகக் குறைவாக இருப்பது டிசம்பர் 21-ல் என்றால், அதிகக் குளிர் ஏன் மூன்றாவது ஒன்பதில், அதாவது ஜனவரி இரண்டாவது வாரத்தில் வருகிறது? பகல் நீள ஆரம்பித்த பிறகும், தரை வாங்குகிற வெப்பத்தைவிட இழக்கிற வெப்பம் சில வாரங்களுக்கு அதிகமாகவே இருக்கும். வரவு செலவு சமமாகும் நாள்தான் உச்சக் குளிர். விவசாயிகளுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. வருஷா வருஷம் எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்படி எண்ணிப் பார்ப்பதை வாழ்நாள் வேலையாகவே செய்த ஒரு விஞ்ஞானி பெய்ஜிங்கில் இருந்தார். பெயர் ஜூ கெஜென். 1918-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சீன அறிவியல் கழகத்தின் துணைத் தலைவர். வேலைக்குப் போகும் வழியில் நகரின் நடுவே இருக்கும் பெய்ஹாய் பூங்காவுக்குள் ஒரு வாசல் வழியாகப் புகுந்து இன்னொரு வாசல் வழியாக வெளியே வருவார். ஏரியில் பனி என்றைக்கு உருகியது, எந்த மரம் என்றைக்குப் பூத்தது, ஸ்வாலோ குருவிகள் என்றைக்கு வந்தன என்று டைரியில் குறித்துக்கொண்டே போவார். பருவங்களுக்கு ஏற்பச் செடிகளும் பறவைகளும் மாறுவதைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து 1963-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் விவசாயிகளின் பழமொழிகளுக்கும் இடம் உண்டு. அவற்றை அவர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை, கருவி இல்லாதவர்கள் எடுத்த குறிப்பாகவே பார்த்தார்.

1974 பிப்ரவரி 6 அன்றும் அவர் டைரியில் அன்றைய வெப்பநிலையும் காற்றும் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே, இது வானிலை நிலையம் சொன்ன அளவு என்று ஒரு குறிப்பு. எழுந்து வெளியே போய் அவரே அளந்து பார்க்க முடியாத அளவுக்கு உடம்பு முடியவில்லை. மறுநாள் இறந்துபோனார்.

ரயில் கிளம்பிவிட்டது. பெய்ஜிங்கைத் தாண்டியதும் வட சீனச் சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை. இந்தப் பகுதி ஆட்களுக்குப் பனி என்றால் கொண்டாட்டம். கோதுமை இந்தக் குளிரில் மூன்று போர்வை போர்த்திக்கொண்டால், அடுத்த வருஷம் மாந்தோவைத் தலையணையாக வைத்துத் தூங்கலாம் என்பார்கள். மாந்தோ என்பது ஆவியில் வேகவைத்த, நம் இட்லிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரியான கோதுமை பன். மூன்று போர்வை என்பது பனிப்பொழிவு. பனி நிஜமாகவே போர்வைதான். மேலே குளிர்காற்று எவ்வளவு வீசினாலும் கீழே இளம்பயிரின் வேர் உறையாமல் காப்பாற்றும், வசந்தத்தில் உருகித் தண்ணீராக இறங்கும். இந்தப் பழமொழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தெற்கே போனதும் தேவைப்படும்.

கோதுமையை எப்போது விதைப்பது? சீனர்கள் சூரியனின் ஓட்டத்தை 24 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுமார் 15 நாள் கொடுத்திருக்கிறார்கள். கி.மு. 104-லேயே அரசு நாள்காட்டியில் ஏறிவிட்ட கணக்கு. 2016-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்தது. சூரியனை வைத்து எண்ணுவதால், நம் சித்திரை, ஆடி போலவே இந்தத் தேதிகளும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக நகராது. நாம் 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொல்வது மாதிரி, அவர்கள் இந்த 24-ஐ வைத்து விதைப்பைச் சொல்வார்கள்.

பெய்ஜிங் பக்கத்துக் கணக்கு இது: வெண்பனித்துளி வந்தால் சீக்கிரம், குளிர்பனித்துளி வந்தால் தாமதம், இலையுதிர்காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள்தான் சரியான நேரம். அதாவது செப்டம்பர் 23 வாக்கில்.

சுமார் 700 கிலோமீட்டர் தெற்கே ஹெனான் மாகாணத்துக்கு வந்தால், அதே வாக்கியம், அதே ஓசை, ஒரு படி மட்டும் தள்ளியிருக்கும். சம இரவு நாள் சீக்கிரம், உறைபனி இறக்கம் தாமதம், குளிர்பனித்துளிதான் சரியான நேரம். அது அக்டோபர் 8 வாக்கில். இன்னும் தெற்கே, யாங்சே ஆற்றை நெருங்கும்போது உறைபனி இறக்கம், அதாவது அக்டோபர் 23 வாக்கில். கடலோர செஜியாங் மாகாணத்தில் நவம்பர் 7-ல் வரும் குளிர்காலத் தொடக்கம்தான் சரி.

பழமொழி படிப் படியாக இறங்குகிறது பாருங்கள்! காரணம் எளிது. சீக்கிரம் விதைத்தால் குளிருக்கு முன்பே பயிர் அதிகமாக வளர்ந்து பனியில் கருகும். தாமதித்தால் போதிய தூர் கட்டுவதற்குள் குளிர் வந்துவிடும். வடக்கே குளிர் முந்திக்கொண்டு வருகிறது, தெற்கே பிந்தி வருகிறது. நாடு முழுக்க ஒரே நாள்காட்டி. ஆனால், அதை எப்படிப் படிப்பது என்பதை அந்தந்த ஊர் தீர்மானித்துக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பழமொழி இந்த நான்கு துண்டு கோதுமைதான்.

2021-ல் இந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது. இலையுதிர்கால மழை விடவே இல்லை. வயல்கள் சேறாகக் கிடந்ததால் நாட்டின் குளிர்காலக் கோதுமைப் பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தாமதமாகத்தான் விதைக்கப்பட்டது. பழமொழிப்படி விளைச்சல் விழுந்திருக்க வேண்டும். அதிகாரிகளும் பயந்தார்கள். ஆனால், 2022 கோடை அறுவடை முந்தைய வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இயந்திரம், உரம், வசந்தகாலக் கவனிப்பு எல்லாம் சேர்ந்து அந்த நாட்களை ஈடுகட்டின.

சமவெளியில் ஓடும்போது வானத்தைப் பார்க்க ஒரு பழமொழி: காலையில் செவ்வானம் என்றால் வாசலைத் தாண்டாதே, மாலையில் செவ்வானம் என்றால் ஆயிரம் லி நடக்கலாம். ஒரு லி என்பது அரை கிலோமீட்டர். இந்த அட்சரேகையில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். மாலையில் மேற்கு வானம் சிவந்தால் அந்தப் பக்கம் மேகம் குறைவு, நாளை நல்ல வெயில். காலையில் கிழக்கு சிவந்தால் நல்ல வானிலை நம்மைக் கடந்து போய்விட்டது, அடுத்தது மழையாக இருக்கலாம். சென்னை மொட்டை மாடியில் ஐப்பசியில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். அந்த நாட்களில் நமக்கு மழை கிழக்கே வங்கக் கடலிலிருந்து வருகிறது. எறும்பு வரிசையாக மேட்டுக்கு இடம் மாறினால் மழை என்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

ஹெனானின் தலைநகர் ஜெங்சோ. ரயில் நிற்கிறது. 24 பருவங்களின் கணக்கு பிறந்த மஞ்சளாற்றுப் பகுதி இதுதான். வானிலை ஆட்கள் புதிதாக உருவாக்கிய ஒரு பழமொழியும் வட சீனாவில் புழங்குகிறது. 'ஏழின் கீழ், எட்டின் மேல்' என்பார்கள். ஏழாம் மாதத்தின் பின்பாதி, எட்டாம் மாதத்தின் முன்பாதி என்று அர்த்தம். பெருமழைக்கு அதுதான் காலம், கவனமாக இரு என்று எச்சரிக்கும் வாசகம்.

2021 ஜூலை 20. அந்தக் காலத்துக்குள் சரியாக விழுகிற நாள். மாலை 4 மணி முதல் 5 மணி வரை, ஒரே மணி நேரத்தில் ஜெங்சோவில் கொட்டிய மழை 201.9 மி.மீ. அந்த நகரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 640 மி.மீ அளவுதான். சீனப் பெருநிலப்பரப்பில் அதற்கு முன் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு மழை பதிவானதில்லை. மெட்ரோ ரயிலின் 5-வது தடத்தில், சுரங்கத்துக்குள் நின்றுபோன பெட்டிகளில் பயணிகள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்கள். அங்கே மட்டும் 14 பேர் இறந்தார்கள். மாகாணம் முழுக்க இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 398 பேர். அதில் 380 பேர் ஜெங்சோவைச் சேர்ந்தவர்கள். வானிலை மையம் விட்ட சிவப்பு எச்சரிக்கைகளுக்கு ஏற்ப நகர நிர்வாகம் நேரத்தோடு செயல்படவில்லை என்று அரசின் விசாரணை அறிக்கையே சொன்னது.

பழமொழி தேதியைச் சரியாகத்தான் சொன்னது. எவ்வளவு பெய்யும் என்பதைச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. முன்னோர் பார்த்த மழைகளைக் கூட்டிச் சேர்த்து வைத்த நினைவு அது. யாருமே பார்க்காத மழை அந்த நினைவில் எப்படி இருக்கும்?

ஜெங்சோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் யாங்சே ஆற்றங்கரையில் உள்ள வூஹான். கோதுமை போய் நெல் வந்துவிட்டது. இங்கே பேச்செல்லாம் ப்ளம் மழையைப் பற்றி. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை, மெய் என்ற ஒருவகை ப்ளம் பழுக்கும் நேரத்தில், மழை மேகம் யாங்சே பள்ளத்தாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய தூறல், இடையிடையே கனமழை, துணி காயாது. சீன மொழியில் ப்ளமுக்கும் பூஞ்சணத்துக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் இதைப் பூஞ்சண மழை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அலமாரியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் வாசனைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். மழை முடிந்ததும், சீன நாள்காட்டியின் ஆறாம் மாதம் ஆறாம் நாளில் துணிமணியையும் புத்தகங்களையும் வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துவது பழைய வழக்கம்.

ப்ளம் பழுக்கத் தொடங்கும் நாளில் மழை அடித்தால், 45 நாளைக்குச் சூரியன் கிடையாது என்பது யாங்சேயின் கீழ்ப்பகுதியில் சொல்வது. இன்னொன்று இன்னும் குறும்பானது. ஜூலை 7 வாக்கில் வரும் 'சிறு வெப்பம்' நாளில் ஓர் இடி இடித்தால், முடிந்த ப்ளம் மழை திரும்பி வந்துவிடுமாம். அப்பாடா என்று துணியை வெளியே காயப் போட்டவர்களின் அனுபவமாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் வானிலை நிலையங்கள் 'ப்ளம் நுழைந்தது', 'ப்ளம் வெளியேறியது' என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கின்றன. மழையே வராத வருஷத்துக்குக்கூடப் பெயர் இருக்கிறது: 'வெற்று ப்ளம்'.

2020-ல் இந்த மழை 62 நாள் நீடித்தது. கொரோனா ஊரடங்கிலிருந்து ஏப்ரலில்தான் வெளியே வந்திருந்த வூஹான் மக்கள், அடுத்த சில மாதங்களிலேயே ஆற்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டே வருஷத்தில் நிலைமை தலைகீழ். 2022 கோடையில் யாங்சே வறண்டது. போயாங் ஏரி சுருங்கியது. மேல்நதியில் சோங்கிங் அருகே தண்ணீருக்குள் இருந்த பழைய புத்தர் சிலைகள் வெளியே தெரிந்தன. 45 நாள் என்று எண்ணி வைத்தவர்கள், இந்த இரண்டு வருஷங்களில் எதற்கு எந்தப் பழமொழியைச் சொல்வார்கள்?

ரயில் ஹூனான் மாகாணத்தைக் கடந்து நான்லிங் மலைகளுக்குள் நுழைகிறது. மலைக்கு அந்தப் பக்கம் பனி அபூர்வம். சுமார் 1,200 வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் நாடு கடத்தப்பட்டிருந்த எழுத்தாளர் லியு சோங்யுவான் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியனே அபூர்வமான சிச்சுவானில், வெயில் அடித்தால் நாய்கள் குரைக்கும் என்பது ஒரு பழமொழி. அது மிகை என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெற்கே வந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் பனி மலையைத் தாண்டி விழுந்தது. தெற்கத்தி நாய்கள் நாள் கணக்கில் குரைத்துக்கொண்டு ஓடின, பனி கரைந்த பிறகுதான் ஓய்ந்தன. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை நம்பினார்.

2008 ஜனவரியில் அப்படிப் பனி மலையேறி வந்தபோது சிரிக்க யாரும் இல்லை. விழுந்ததும் உறைகிற மழை மின்கம்பிகளில் கட்டிக்கொண்டது. எடை தாங்காமல் கோபுரங்கள் சாய்ந்தன. தெற்கு ஹூனானின் சென்சோ நகரம் பத்து நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அன்றைக்கு அதிவேகப் பாதை கிடையாது. மின்சாரத்தை நம்பிய பழைய பெய்ஜிங்-குவாங்சோ ரயில் பாதை முடங்கியது. பிப்ரவரி 7 சீனப் புத்தாண்டு. தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேட்டைப் பல மடங்காக்கிப் பாருங்கள். ஊருக்குப் போக மூட்டையோடு வந்த தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் குவாங்சோ ரயில் நிலையத்து வாசலில் குளிரில் நின்றார்கள். வடக்கே கோதுமைக்குப் போர்வையாக இருந்த அதே பனி!

மலையைத் தாண்டினால் குவாங்டாங். ஊசியிலை மரங்கள் போய் வாழை எட்டிப் பார்க்கும். குவாங்சோவில் இறங்கும்போது, வடக்கே போட்ட கோட்டு கையில் தொங்கும். ஆனாலும் அவசரப்பட்டுப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஐந்தாம் மாதத்துச் சோங் சாப்பிடும் வரை குளிர் உடுப்பை உள்ளே வைக்காதே என்பது இந்த ஊர்ப் பழமொழி. சோங் என்பது இலையில் பொதிந்து வேகவைத்த ஒட்டரிசிக் கொழுக்கட்டை. டிராகன் படகுத் திருவிழாவில் சாப்பிடுவார்கள். அது மே கடைசியிலோ ஜூனிலோ வரும். வசந்தத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வடக்கிலிருந்து குளிர்காற்று மலையைத் தாண்டி ஒரு ரவுண்டு வந்துவிட்டுப் போகும் என்பதால் இந்த எச்சரிக்கை.

அந்தக் குளிர் விலகி, தென் சீனக் கடலின் ஈரக் காற்று திரும்புகிற நாட்களில் குவாங்சோ வீடுகள் வியர்க்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் வழியும், டைல்ஸ் வழுக்கும், கண்ணாடியில் முகம் தெரியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிற அதே கதைதான், இங்கே பாட்டிலுக்குப் பதில் முழு வீடு. 'தெற்கு திரும்பும் நாள்' என்று இதற்குப் பெயர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அந்த மாதங்களில் போகிறவர்கள் ஓட்டல் அறைச் சுவர் நனைந்திருந்தால் காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள். ஈரமே அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. நன்றாக மூடிவிட்டு, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் வையுங்கள். துவைத்த சட்டை காய இரண்டு நாள் ஆகும், அதற்கேற்ப எண்ணி எடுத்துப் போங்கள்.